கல் காக்கைக்கு வைத்த சோறு

மண்ணைத் தோண்டும்போது எழுத்துப் பொறித்த பழைய கல் ஏதாவது வெளிப்பட்டால், கண்டவர் அதை அந்தப் பகுதி அரசாங்க அதிகாரிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பதில் வரும்வரை கல்லை இருந்த இடத்திலிருந்து அசைக்கக் கூடாது. நிலம் யாருடையதாக இருந்தாலும் இதுதான் விதி. இலங்கையில் அப்போது எனக்குச் சொல்லப்பட்ட சட்டத்தின் சாரம் இவ்வளவே. எங்கள் பக்கத்துச் சட்டமும் ஏறக்குறைய இதே வாசகம்தான். விதி மீறப்பட்டதை யார் கவனிப்பது என்ற இடத்தை மட்டும் இரண்டு நாட்டாரும் ஒரே மாதிரி காலியாக விட்டிருந்தார்கள்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்படியொரு கல் வெளிப்பட்டு ஒரு வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் யாருக்கும் எழுதவில்லை. எழுதுவதற்கென்றே கடல் தாண்டி வந்தவன் போல நான் போய்ச் சேர்ந்தேன்.

நான் தஞ்சாவூர் ஜில்லாவில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர்களின் நிலம் அடுத்தவர்களுக்குப் போவதைப் பார்த்துக் கையெழுத்திடுவது என் தொழில். மனைவி காலமாகி வீடு பெரிதாகிவிட்டிருந்தது. ஹட்டன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருக்கு என் தங்கையைக் கொடுத்திருந்தோம். "ஒரு மாசம் வந்து இருங்கண்ணே, நாலு ஊரைப் பாத்துட்டுப் போகலாம்" என்று அவள் எழுதினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் கப்பலேறினேன்.

முதலில் பழைய தலைநகரங்களைப் பார்த்தேன். காட்டுக்குள் கல் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மேலே இருந்தவையெல்லாம் மரமாம். எரிந்தோ மக்கியோ போய்விட்டன. ஆட்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து போய்விட்ட தாலுகா கச்சேரி மாதிரி இருந்தது. யாராவது திரும்பி வந்து "என்ன வேண்டும்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு வாசற்படிக்கு முன்னால் அரைவட்டக் கல். அதன் விளிம்பில் யானை, குதிரை, சிங்கம், காளை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. எத்தனையோ நூற்றாண்டாகப் போகின்றன. எதுவும் எதையும் முந்தவில்லை. ஓய்வு பெற்றவன் அதை ரொம்ப நேரம் பார்க்கக் கூடாது.

அங்கே ஒரு குட்டைத் தூணில் எழுத்துக்களுக்குக் கீழே ஒரு காக்கையும் ஒரு நாயும் செதுக்கியிருந்தது. கொஞ்சம் தமிழ் தெரிந்த இளம் பிக்கு ஒருவர் விளக்கினார். அது தானமாகக் கொடுத்த நிலத்தின் சாசனமாம். அந்த நிலத்தை அபகரிப்பவன் அடுத்த பிறவியில் காக்கையாகவும் நாயாகவும் பிறப்பானாம். பத்திரத்தின் கடைசியில் நாங்களும் சில நிபந்தனைகள் எழுதுவோம். இவ்வளவு தூரம் யோசித்ததில்லை.

கண்டிப் பக்கத்தில் கைவேலைகளைப் பார்த்தேன். நார்ப் பாய்களில் மானும் பறவையும் நெய்கிறார்கள். இன்னொரு கிராமத்தில் ஒருவர் அரக்கைத் தணலில் இளக்கி, நூல் போல இழுத்து, கைத்தடியின் மேல் சுற்றிக் கட்டைவிரல் நகத்தாலேயே பூவும் கொடியும் போட்டார். கருவி என்று எதுவும் இல்லை. நகம் மட்டும் நீளமாக, மஞ்சளாக இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கைத்தடி வாங்கினேன். ஹட்டனில் என் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கரகாட்டத்துக்கா?" என்றாள்.

பங்குனியில் ஒரு நாள் என் மைத்துனர் துணி மூட்டையோடு தோட்டத்துக்குப் புறப்பட்டார். புதுவருஷத்துக்குத் துணி எடுக்கிற பருவம். அவர் சொன்னார்: "மச்சான், கல்லைப் பாக்கத்தானே கடல் தாண்டி வந்தீங்க? மேக்கணக்குல ஒண்ணு நிக்கிது. லயத்துச் சனம் அந்தப் பக்கம் ஒதுங்கக்கூடப் போறதில்ல."

மேற்கணக்கு என்பது தோட்டத்தின் உச்சிப் பகுதி; லயம், கூலிகளின் வரிசை வீடுகள். பஸ்ஸில் பொகவந்தலாவை பஜார் வரை போய், அங்கிருந்து நடந்து ஏறினோம். என் இளைப்பைப் பார்த்து மைத்துனர் ஒவ்வொரு வளைவிலும் "வந்துருச்சு மச்சான்" என்றார். வந்தது எட்டாவது பொய்யிலோ என்னவோ.

தோட்டத்துப் பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். கல்லைப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"அதைப் பாக்கவாங்க இவ்வளவு தூரம் வந்தீங்க? பாத்துட்டு, தொட்டுடாதீங்க."

"தொட்டால்?"

"தொட்டவன் ஒருத்தன் இல்லீங்க இப்ப."

போகும் வழியில் சொன்னார். முந்தின வருஷம் வைகாசியில், மழைத்தண்ணீர் ஓடுவதற்குக் கான் வெட்டிக்கொண்டிருந்த ஒருவன் மண்வெட்டி தட்டி அந்தக் கல்லைக் கண்டான். படுத்துக் கிடந்ததைத் தனியாகவே நிமிர்த்தி நிறுத்தினான். எடுத்துப் போடச் சொன்னதற்கு, "அது பாட்டுக்கு நிக்கட்டும், ஒங்களச் சோறா கேக்குது?" என்றானாம். அடுத்த மாதம் ஆனி அமாவாசையன்று நல்ல மழை. ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

"சோறா கேக்குதுன்னான்," என்றார் கங்காணி. "இப்ப அதுக்குத்தான் தெனம் சோறு போகுது."

தேயிலைச் சரிவின் அடியில், ஓடைக்கு மேலே கல் நின்றது. என் இடுப்பு உயரம். சூரியன், சந்திரன், பாசி பிடித்த எழுத்து, கீழே காக்கை, நாய். தலைநகரக் காட்டில் பார்த்ததன் தம்பி என்று சொல்லலாம். அதன் முன் காட்டுச் சேம்பு இலையில் சோறு இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். தலையிலிருந்து முதுகுவரை ஒரு கிழிந்த கம்பளியைப் போட்டிருந்தாள். இறந்தவனின் மனைவி. முப்பது வயது இருக்கலாம்.

கங்காணி தூரத்திலேயே நின்றுவிட்டார். நான் தடியை ஊன்றிக் குனிந்து எழுத்தைப் பார்த்தேன்.

"படிக்கத் தெரியுங்களா ஐயா?" என்றாள்.

"சிங்களம், அதுவும் பழசு. தெரியாது."

"அவருக்கும் தெரியாது. ஆனா காக்காயப் பாத்துட்டு, 'பாருடி, நம்ம ஊர்க் காக்கா'ன்னாரு."

தினமும் இங்கேதான் சோறு வைக்கிறாயா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்பது போல.

"காக்காய்க்கு வைக்கணும்ல ஐயா. இங்க காக்கா ஏது? பஜார் வரைக்கும் வரும். அதுக்கு மேல குளிருக்கு ஏறாது. லயத்துக் கூரையில வச்சு வச்சுப் பாத்தேன், காஞ்சு கெடந்துச்சு. இந்த மலையிலேயே இருக்கிற காக்கா இது ஒண்ணுதான்."

"சோறு?"

"காலையில வைப்பேன். அந்திக்கு வந்து பாத்தா இருக்காது."

எங்கள் வீட்டில் மனைவிக்கு வைக்கிற சோற்றுக்குக் காக்கை கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிடும். பக்கத்தில் கோயில் மடைப்பள்ளி இருப்பதுதான் காரணம் என்று நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. அந்தப் பெண்ணிடம், பிக்கு சொன்னதையும் நான் சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

கங்காணிக்குக் கேட்காதபடி அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, தொரை இதைப் பங்களாவுக்குக் கொண்டுபோகப் போறாராம். வருஷப் பொறப்பு கழிஞ்சதும் தோண்டப் போறாங்க. ஆனி அமாவாசை வரைக்கும் விட்டாப் போதுங்க."

கல்லின் அடியில் அவள் கணவனின் கம்பளியைப் புதைத்திருந்தாள். அவன் போன அன்று காலை அவள் கம்பளி கிழிந்திருந்தது. அவன் தன்னுடையதை அவளிடம் கொடுத்துவிட்டு, சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் போனான். "எனக்கு என்னாடி, நான் ஓடியாடி வேலை செய்யிறவன்" என்றானாம். உடல் கிடைக்காததால் கம்பளிக்குள், தேயிலைச் செடியைக் கழிக்கிற அவனுடைய கவ்வாத்துக் கத்தியைச் சுற்றி, அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்து, கல்லின் காலடியில் வைத்து மூடிவிட்டாள். வருஷத் திதி முடிந்ததும் தோண்டி எடுத்து, அவன் போன ஆற்றிலேயே விடவேண்டும் என்பது அவள் கணக்கு.

"நடுவுல இவங்க கடப்பாரையைப் போட்டா, அவரு அரைகொறையா நின்னுருவாரு ஐயா. போன அன்னிக்கே குளிர்லதான் போனாரு."

எனக்கு உடனே விதி ஞாபகம் வந்தது. நாற்பது வருஷப் பழக்கம். யாராவது அழுதால் எனக்கு முதலில் விதிதான் ஞாபகம் வரும்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை அலுவலக வராந்தாவில் பார்த்தேன். நல்ல உயரம், கையில் புகைக்குழாய், காலடியில் நாய். என் இங்கிலீஷைக் கேட்டு ஒரு நாற்காலி போடச் சொன்னார். கல்லைப் பற்றிச் சொன்னதும், தன் மனைவி புல்தரையின் நடுவில் அதை நிறுத்தி மேலே சூரியக் கடிகாரம் வைக்க ஆசைப்படுவதாகச் சொன்னார்.

"பொகவந்தலாவையிலா? சூரியக் கடிகாரமா?" என்றேன்.

வெளியே மூடுபனியில் அலுவலகத்துக் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. அவரும் அதைப் பார்த்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். குழாய் வாயில் இருந்ததால் உறுதியாகத் தெரியவில்லை. பிறகு நான் விதியைச் சொன்னேன். கல்லைக் கண்டவன் இறந்துவிட்டதால், அடுத்தபடி கண்டவன் என்ற முறையில் நானே அறிவித்துவிடப் போவதாகவும் சொன்னேன்.

"பதில் வரப் பத்து வருஷம் ஆகுமே" என்றார்.

"ஆகலாம்."

"வந்த மறுநாள் எடுத்துவிடுவேன்."

"தாராளமாக. பதிலில் அப்படி இருந்தால்."

எழுதிய சட்டத்துக்கு எதிரில் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கங்காணிதான் முணுமுணுத்தார். "கெவருமெண்டு வந்து காவலுக்கு நிக்குமா ஐயா? ராவுல நாய் ஊளையிடுது." லயத்தில் எத்தனை நாய் இருக்கிறது என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். எண்ணிவிட்டுச் சொல்லுங்கள் என்று வந்துவிட்டேன்.

ஹட்டனில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். என் உத்தியோக காலம் முழுக்கத் தாமதத்தைத் திட்டியிருக்கிறேன். அதைத் தயாரிப்பது எப்படி என்று அதனாலேயே நன்றாகத் தெரியும். நேராகப் பழம்பொருள் இலாகாவுக்கு எழுதவில்லை. அதற்கு அனுப்பித் தீரவேண்டிய, ஆனால் அனுப்புவதற்கு முன் யோசிக்க வேண்டிய ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். கல்லைப் பற்றியும், கல் நிற்கிற ஓடைக்கரை யாருடையது என்பதைப் பற்றியும் ஒரே கடிதத்தில் கேட்டேன். இரண்டு விஷயம் உள்ள கடிதத்தை இரண்டு பிரிவும் மற்றதன் மேசையில் வைக்கும். கடைசியில், "கல்லெழுத்தின் மைப்படி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, இணைக்காமல் விட்டேன்.

ஒரு மாதம் என்று வந்தவன் தங்கிவிட்டேன். இளைப்புக்கு இந்தக் குளிர் நல்லது என்று தங்கையிடம் சொன்னேன். இருமிக்கொண்டே சொன்னதால் அவள் நம்பவில்லை. சித்திரை போனது. ஒவ்வொரு நாளும் தபால்காரர் கடைக்கு வரும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்பேன். வெறுங்கையோடு போனால் உள்ளே வந்து காப்பி கேட்பேன்.

"பதில் வரலேன்னு கவலைப்படுறவங்களப் பாத்திருக்கேன்," என்றாள் தங்கை. "வந்துருமோன்னு பயப்படுறவரை இப்பத்தான் பாக்குறேன்."

வைகாசியில் இன்னொரு தடவை மைத்துனரோடு மேலே போனேன். மைப்படி எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, ஈரத்தாள், துணி, மை எல்லாம் எடுத்துப் போனேன். உண்மையில் சோற்றை யார் தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாய், நரி, பசித்த மனிதன், யாராக இருந்தாலும் சரி. ஒரு விஷயம் விளக்கமில்லாமல் கிடப்பது எனக்கு ஒவ்வாது.

காலையில் அவள் சோற்றை வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து மலையில் மற்றப் பெண்களோடு அவள் நிரை பிடித்து நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. கங்காணியின் அதட்டலும் அவர்களுடைய சிரிப்பும் கேட்டன. நான் ஒரு பாறையில் உட்கார்ந்து தடியை மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்தேன்.

பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் அந்தப் பக்கத்து மலை போனது. பிறகு ஓடை. பிறகு கல். மடியில் இருந்த தடியின் சிவப்பு நுனிகூட மங்கிவிட்டது. பெண்களின் பேச்சும் நின்றுவிட்டது. பனிக்குள் சத்தம் அப்படி அடங்குவது உண்டு என்று பிறகு சொன்னார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எந்த ஓசையும் இல்லை. ஒரு வாசனை மட்டும் வந்தது: நனைந்த கம்பளியின் வாசனை. நான் அணிந்திருந்தது பருத்திக் கோட்டு.

"யார்?" என்று கேட்க வாய் எடுத்தேன். பதில் வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

பனி விலகியது. கல் அதே இடத்தில் நின்றது. ஈர மண்ணில் என் காலடியும் அவள் காலடியும் தவிர வேறு எதுவும் இல்லை. சோறு இல்லை. இலை இருந்தது, மடித்திருந்தது.

நாய் இலையை மடிக்காது. நரியும் மடிக்காது.

மைப்படி எடுக்காமலே இறங்கினேன். மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவளைப் பார்த்தேன். கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அழைத்து, இலை மடித்துக் கிடந்தது என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

அவள் கை கூடையின் கயிற்றிலேயே நின்றது.

"எந்தப் பக்கமா மடிச்சிருந்துச்சு ஐயா?"

யோசித்துப் பார்த்தேன். இலையின் மடிப்பு கல்லை நோக்கி இருந்தது. கல்லடியில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவன் தன் பக்கமாக மடித்தது போல. கல்யாண வீட்டில் அப்படி மடிப்போம். எழவு வீட்டில் எதிர்ப்பக்கமாகத்தான் மடிக்க வேண்டும்.

"கல்லின் பக்கம். தன் பக்கமாக" என்றேன்.

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வந்து, சிரிப்பும் நிற்கவில்லை. "எழவு வீட்லயும் அப்பிடித்தான் மடிப்பாரு ஐயா. எத்தனை தடவ திட்டியிருக்கேன்! பக்கத்து லயத்துக் கெழவனுக்குப் பதினாறாம் நாள் விருந்துல அப்பிடி மடிச்சு, பெரிய சண்டை. 'தின்னது நல்லாத்தானே இருந்துச்சு'ன்னாரு."

தராசுக்காரர், "என்னா புள்ள, ஐயாகிட்ட என்னா சிரிப்பு? எலய நிறுக்க வாரியா இல்லியா?" என்று கூப்பிட்டார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு நான் அந்தச் சரிவுக்குத் தனியாகப் போகவில்லை. கீழ்ப்பாதையில் நின்று பார்த்ததோடு சரி.

ஆனி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. துரை ஒரு நாள் ஹட்டனுக்கு வந்தவர் கடை வாசலில் காரை நிறுத்தி, "உங்கள் அரசாங்கம் தூங்குகிறதா?" என்றார். "உங்களுடையதுதான்" என்றேன். அந்தப் பதிலுக்காக அன்று இரவு கொஞ்சம் பயந்தேன். நல்லவேளை, அவர் கோபித்துக்கொண்டு கடப்பாரையை அனுப்பவில்லை. ஆனால் அமாவாசைக்கு முந்தின நாள் தபால்காரர் நீளமான பழுப்பு உறை ஒன்றோடு வந்தபோது நான் வாங்கக் கை நீட்டவில்லை. அது மைத்துனருக்கு வந்த ஜவுளி விலைப்பட்டியல். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏன் மச்சான் சுவரைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார்.

அமாவாசையன்று நாங்கள் போனோம். தோட்டத்துக் கோயில் பண்டாரம் வருவதற்குத் தயங்கினார். அவள் கூப்பிட்டதற்கு வராதவர், மைத்துனர் வேட்டி ஒன்றைக் காட்டியதும் வந்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. எள்ளும் தண்ணீரும் விட்டு, சோறு வைத்து, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கங்காணியும் வந்து தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றார். பிறகு அவள் ஒரு சிறிய மண்வெட்டியால் கல்லின் காலடியில் தோண்டினாள். யாரையும் தோண்ட விடவில்லை.

கத்தி கிடைத்தது. துரு ஏறி, பிடி கறுத்து. கம்பளி இல்லை.

அவள் இன்னும் கொஞ்சம் தோண்டினாள். கையை விட்டுத் துழாவினாள். ஒரு நூல்கூட இல்லை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். களிமண், வருஷம் முழுக்க ஈரம், கம்பளி மக்கிப்போகலாம். மக்கிப்போகும் என்றுதான் இன்றுவரை கேட்பவர்களிடம் சொல்கிறேன். ஆனால் குழி, மடித்து வைத்த ஒரு பொருளை அப்படியே உருவி எடுத்த குழி மாதிரி வழுவழுப்பாக இருந்தது.

பண்டாரம் பின்வாங்கினார். "என்னாம்மா இது?" என்றார்.

அவள் குழியிலிருந்து கையை எடுத்து மண்ணைத் தட்டினாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"குளிருல்ல" என்றாள். "எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

கத்தியை மட்டும் கொண்டுபோய் ஆற்றில் விட்டாள். திரும்பும்போது கங்காணியைப் பார்த்து, "இனி கல்லத் தூக்கறதுன்னாத் தூக்கிக்கங்க மாமா. அவரு இல்ல இங்க" என்றாள். கங்காணி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே, "நானா? எனக்கென்னா தலையெழுத்து?" என்றார். பின்னாளில் துரை பொறுமையிழந்து, கூலியைக் கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லியும் தோட்டத்தில் ஒருவர்கூடக் கல்லைத் தொட முன்வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குத் தெரிந்தவரை அது அங்கேயேதான் நிற்கிறது.

நாங்கள் ஹட்டனுக்குத் திரும்பியபோது நன்றாக நனைந்திருந்தோம். தங்கை துண்டை நீட்டிக்கொண்டே, "ஆக, ஒங்க கடுதாசிக்கு இனிமே பதில் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்" என்றாள்.

வந்தது. நீளமான பழுப்பு உறை, மேலே அரசாங்க முத்திரை, உள்ளே மூன்று வரி. தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருந்த மைப்படி கிடைக்கவில்லை. அதை அனுப்பினால் மேற்கொண்டு கவனிக்கப்படும். அதுவரை கல்லை அசைக்கக் கூடாது. தபால்காரர் அதை என் கையில் கொடுத்தது ஆனி அமாவாசைக்கு மறுநாள், பிரதமையன்று.